மேற்கே திரும்பிய டிஷ்

கைசெரி,
18 நவம்பர் 2006, சனிக்கிழமை

கண்ணே இல்க்னூர்,

உன் இரண்டு கண்ணிலும் முத்தமிட்டு அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, மாடியில் நிற்கும் டிஷ் மூவரும் இறைவன் கருணையால் சுகம். நீயும் அங்கே வயிறாரச் சாப்பிட்டு, காலில் சாக்ஸ் போட்டு, கதகதப்பாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். டிஷ்ஷுக்கு என்ன சுகம் என்று கேட்பாய், சொல்கிறேன். கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற வழக்கத்தை இந்தக் கடிதத்தில் காட்டாதே, நடந்ததை நடந்த வரிசையில் படித்தால்தான் விளங்கும்.

முதலில் தாமதத்துக்குக் காரணம். நான் எழுதி ஆறு வாரம் ஆகிவிட்டது. உன் இரண்டு கடிதமும் ஃப்ரிட்ஜ் கதவில் எலுமிச்சைப்பழக் காந்தத்துக்கு அடியில் இருக்கின்றன, பால் எடுக்கும்போதெல்லாம் என்னையே பார்க்கின்றன. பெருநாளுக்கு மறுநாள் பரீட்சை, வர முடியாது என்று போனில் சொன்னாய், நான் 'உன் இஷ்டம்' என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு பேனாவை எடுத்தால் முதல் வரியே 'ஏன் வரவில்லை' என்றுதான் வந்தது. நாலு தாள் கிழித்துப் போட்டேன். பிறகு ஒருநாள் அப்பா தேநீரைக் கலக்கிக்கொண்டே, கிளாஸிலிருந்து தலையைத் தூக்காமல், நீ அவர் தொழிற்சாலைக்குப் போன் செய்ததைச் சொன்னார். ப்ரேமன் வட்டார டி.வி.க்காரர்கள் உங்கள் விடுதிச் சமையலறைக்கு வந்து படம் பிடித்தார்களாம், நீ கைமா வைத்து மாந்திக் கொழுக்கட்டை மடித்துக் காட்டினாயாம், பதினாறாம் தேதி வியாழக்கிழமை, நம் கடிகாரத்துக்கு மாலை ஏழு மணிக்குக் காட்டுவார்களாம். 'உங்களுக்கு அங்க வராதுப்பா, பரவாயில்லை. அம்மாவுக்குக் கோபம் தணிஞ்சிருந்தா சும்மா சொல்லி வைங்க' என்றாயாம். அந்தச் 'சும்மா' என்னை என்னவோ செய்தது. பதினான்கு மாதமாக உன் முகத்தை நான் பார்க்கவில்லை. போனில் 'நல்லா இருக்கேம்மா' என்கிறாய். ஏழு வயதில் காய்ச்சல் கொதிக்கப் படுத்திருந்தபோதும் இதே குரலில் இதே வார்த்தையைத்தான் சொன்னாய். அதனால் குரலை நம்பி எனக்குப் பழக்கமில்லை. நீ நன்றாக இருக்கிறாயா என்று என் கண்ணால் ஒரு தடவை பார்க்க வேண்டும், எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கூடவே ஒரு சின்னக் கவலை, மாந்தியைப் பற்றி. நாற்பதை ஒரே கரண்டியில் அள்ளுகிற ஊர்க்காரி, ஜெர்மன்காரர்கள் முன்னால் ஒவ்வொன்றையும் எலுமிச்சம்பழம் அளவுக்கு மடித்து வைத்துவிட்டாயோ என்று.

உன் சித்தப்பா புன்யாமினைக் கூப்பிட்டேன். முந்நூறு வீட்டில் டிஷ் மாட்டிய கை, டி.வி. ரிப்பேர் கடையில் உட்கார்ந்துகொண்டு வானத்தையே சட்டைப்பையில் வைத்திருப்பது போலப் பேசும் வாய், உனக்குத் தெரியாதா. 'அண்ணி, நம்ம ஊர் டிஷ் அத்தனையும் நாப்பத்திரண்டு டிகிரியில நிக்கிற நம்ம சாட்டிலைட்டைப் பாத்துக்கிட்டு இருக்கு. ஜெர்மன்காரன் சேனல் எல்லாம் பத்தொன்பதுல. அது அங்க, மேற்க' என்றார். அப்படியானால் ஒரு நாளைக்கு அந்தப் பக்கம் திருப்பி வையுங்கள் என்றேன். அப்பா உடனே, 'அப்ப என் நியூஸு?' என்றார். 'ஒரு நாளோட நிறுத்திக்கிற ஆளா அண்ணி நீங்க? ஒரு தடவை பாத்துட்டா தினம் தினம் திருப்புன்னுவீங்க, நான் கடையைப் பூட்டிட்டு உங்க மாடியிலேயே குடியிருக்கணும். கடையில மோட்டார் ஒன்னு தூங்குது, ஜெர்மனியில வேலை முடிஞ்சு வந்தவர் குடுத்துட்டுப் போனது. அதை மாட்டிட்டா சோபாவுல உக்காந்து ரிமோட்டை அமுக்குங்க, டிஷ் தானா தலையைத் திருப்பும். அண்ணனுக்கு நியூஸும் ஆச்சு, உங்களுக்கு மகளும் ஆச்சு' என்றார் சித்தப்பா. மோட்டார் மாட்டிய டிஷ்ஷை அவரும் அதுவரை கைவைத்துப் பார்த்ததில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

எனக்கோ அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை, கவலை பாதி, ஆர்வம் பாதி. மோட்டாரோடு வந்த சிறு புத்தகம் ஜெர்மனிலும் கோணல்மாணலான ஆங்கிலத்திலும் இருந்தது, நீ விட்டுப்போன அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். இந்தச் சாட்டிலைட்டுகள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே ஒரே வரிசையில், பூமி சுற்றுகிற அதே வேகத்தில் கூடவே சுற்றுவதால், நமக்கு அந்தரத்தில் ஆணி அடித்த மாதிரி அசையாமல் நிற்கின்றனவாம். நம் மாடியிலிருந்து பார்த்தால் அந்த வரிசை வானத்தில் ஒரு வில். நேர் தெற்கில் அதன் உச்சி, இரண்டு பக்கமும் இறக்கம். மோட்டாரின் வேலை டிஷ்ஷை அந்த வில்லை விட்டு விலகாமல் ஓட்டுவது. யோசித்துப் பார், தினமும் நான் துணி காயப்போடுகிற கொடிக்கு மேலே இன்னொரு கொடி கிழக்கும் மேற்குமாகக் கட்டியிருக்கிறது, எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை. உன்னை மடியில் கிடத்திக்கொண்டு அஞ்சல் வழியில் புவியியல் படித்து வாங்கிய பட்டம் பதினான்கு வருஷமாக அலமாரியில் கிடந்தது, இப்போதுதான் முதல் தடவையாக அதற்கு ஒரு வேலை வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறினோம். பழைய டிஷ்ஷின் கிளாம்ப் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது, சித்தப்பா அதை அறுத்தே எடுத்துவிட்டார், ஆக இனிமேல் திரும்பிப் போக வழியில்லை. கம்பத்துக்கு நாலு பக்கமும் ரசமட்டம் வைத்து ஒரு மயிரிழை சாயாமல் நிறுத்தினோம். மோட்டாரின் பக்கவாட்டில் ஓர் அளவுகோல் இருக்கிறது, அதில் நம் ஊரின் அட்சரேகையை வைக்க வேண்டும், உன் பள்ளிக்கூட அட்லஸைப் பார்த்து முப்பத்தெட்டே முக்கால் என்று நான்தான் சொன்னேன். அதற்கடுத்து, மோட்டாரை ஜீரோவில் வைத்து மொத்தத்தையும் நேர் தெற்கே திருப்பி இறுக்கு என்கிறது புத்தகம். தெற்கு எங்கே என்று கேட்டேன். சித்தப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! 'என்ன அண்ணி, படிச்சவங்க கேக்குற கேள்வியா இது? பள்ளிவாசல் அங்க நிக்குது, கிப்லாச் சுவர் கண்ணுக்கு எதிர்ல தெரியுது, தெற்கு எங்கேன்னா?' என்றார். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், தெற்கு என்றால் மெக்காவைப் பார்த்துத் தொழுகிற கிப்லாப் பக்கம், கிப்லா என்றால் டிஷ் பார்க்கிற பக்கம். வெளியூர் விருந்தாளி தொழுகை விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக எதிர் மாடி டிஷ்ஷைப் பார்த்துவிட்டுத்தானே விரிப்பார். நானும் சரிதானே என்று தலையாட்டினேன்.

சித்தப்பா பள்ளிவாசலைக் குறிவைத்துத் திருப்பினார், லேசாக இப்படியும் அப்படியும் அசைத்தார், அப்பா கீழே ஜன்னலிலிருந்து 'வந்துருச்சு!' என்று கத்தினார். நம் சாட்டிலைட் பளிச்சென்று வந்துவிட்டது. அப்பா ஒரு சேனல் விடாமல் ஓட்டிப் பார்த்தார். 'பாத்தீங்களா, இதான் தெற்கு' என்று சித்தப்பா போல்ட்டுகளை முறுக்கிவிட்டு, தேநீர் வந்தால்தான் அடுத்த வேலை என்று உட்கார்ந்துகொண்டார். தேநீர் குடித்துவிட்டு ரிமோட்டில் பத்தொன்பதை அமுக்கினோம். காப்பிக்கொட்டை அரைக்கிற கை மிஷின் மாதிரி கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு டிஷ் மெதுவாகத் தலையைத் திருப்பியது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நின்றது. டி.வி.யில் நீலத்திரை, சிக்னல் இல்லை. மேலேயிருந்து சித்தப்பா 'வந்துச்சா?' கீழேயிருந்து அப்பா 'வரலை!' 'இப்ப?' 'வரலை!' 'இப்ப?' எதிர் வீட்டு பால்கனியிலிருந்து ஓர் அம்மாள், 'எங்க வீட்டுல நல்லா வருதுப்பா, இங்க வந்து பாருங்க, கத்தாதீங்க' என்றார். தெருவே சிரித்தது. நான் மாடியில் நின்று டிஷ்ஷின் மேல் விளிம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன், முகம் மேலே நிமிரட்டும் என்று. கீழே சிக்னல் பட்டை துள்ளியதாம், படம் மட்டும் இல்லை. ஆக மேற்கே போகப் போக டிஷ் தேவைக்கு மேல் குனிந்துவிடுகிறது. சித்தப்பா அதை நிமிர்த்தி இறுக்கித் துழாவினார். திரையில் ஒரு பெண் இஸ்திரிப் பெட்டி விற்றாள், எந்த மொழி என்று இன்றுவரை தெரியாது. பிறகு ஓர் அரபு சேனல், பிறகு யாரோ பனியில் சறுக்கினார்கள். ஜெர்மன் கிடைக்கவில்லை, திரும்பி வந்து பார்த்தால் நிமிர்த்தியதில் நம்முடையதும் போயிருந்தது. இரண்டும் இல்லாமல் போனது. அப்பா ரேடியோவை எடுத்துத் துடைத்து மேஜைமேல் வைத்தார். சித்தப்பாவுக்கு அது திட்டியதைவிட மோசம்.

திங்கட்கிழமை மாவு சலித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. இரண்டு சல்லடையை எடுத்தேன். ஒன்றை ஜன்னலில் சாய்த்து வைத்து, அதன் மேல் விளிம்புதான் வானத்து வில் என்று வைத்துக்கொண்டேன். இரண்டாவதை அதே சாய்வில் அதன்மேல் பொருத்தினேன், அது நம் டிஷ் ஓடுகிற பாதை. இரண்டாவதைக் கொஞ்சம் கிழக்கே திருப்பினேன். விளிம்புகள் ஓர் இடத்தில் மட்டும் தொட்டுக்கொண்டன, மேற்கே போகப் போக நம்முடையது கீழே இறங்கிவிட்டது. அப்படியே மாடியில் நடந்ததுதான்! அப்படியானால் நாம் தெற்கு என்று வைத்தது தெற்கு இல்லை, கிழக்கே தள்ளிய ஏதோ ஓர் இடம். உன் அட்லஸைத் திறந்து கைசெரியையும் மெக்காவையும் ஸ்கேல் வைத்து இணைத்தேன். கோடு நேராகக் கீழே இறங்கவில்லை மகளே, கிழக்குப் பக்கம் சாய்ந்து போகிறது. நாற்பத்திரண்டு டிகிரியில் நிற்கும் நம் சாட்டிலைட்டும் கிட்டத்தட்ட அதே பக்கம்தான் தள்ளியிருக்கிறது, அதனால்தான் பள்ளிவாசலைப் பார்த்து மாட்டிய முந்நூறு டிஷ்ஷும் குறையில்லாமல் வேலை செய்தன. ஒரே இடத்தைப் பார்த்து நிற்கிற டிஷ்ஷுக்கு அது போதும், தலையைத் திருப்புகிற டிஷ்ஷுக்குத்தான் போதாது. அட்லஸின் அதே தாளில் ப்ரேமனைச் சுற்றி நீ பச்சை மையால் போட்டிருந்த வட்டத்தையும் பார்த்தேன். எட்டாம் வகுப்பு மை அது. அப்போதே போட்டுவிட்டாயா?

சித்தப்பாவிடம் சொன்னால் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. 'முந்நூறு டிஷ் மாட்டியிருக்கேன், ஒருத்தர் வந்து குறை சொன்னது இல்லை. அண்ணி சல்லடையை வச்சுக்கிட்டு எனக்குத் திசை சொல்றாங்க' என்று அப்பாவிடம் முறையிட்டார். அப்பா, 'சல்லடையைப் பாரு முதல்ல' என்றார். பார்த்தார். கையில் வாங்கித் தானே ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு குரல் இறங்கி, 'சரி அண்ணி, அப்ப நிஜத் தெற்கு எங்க?' என்றார். காம்பஸ் கொண்டுவந்தார், ஆனால் நம் மாடியில் வெந்நீர்த் தொட்டிகளும் கம்பிகளும் இருக்கின்றன அல்லவா, ஓரடிக்கு ஒரு வடக்கு காட்டியது. நிழல்தான் பொய் சொல்லாது என்று எனக்கு நினைவு வந்தது. சூரியன் உச்சியில் இருக்கும் கணத்தில் கம்பத்தின் நிழல் நேர் வடக்கே விழும், அதற்கு எதிர்ப்பக்கம் தெற்கு. அந்தக் கணம் எப்போது? நம் ஊரில் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும் முன்பே சூரியன் உச்சியைத் தாண்டிவிடுகிறது. புதன்கிழமை பள்ளிவாசலுக்குப் போய், பாங்கு சொல்லும் மோதினார் ஹாலித்திடம் கேட்டேன். 'உச்சி தாண்டினப்புறம்தான் லுஹர் தொழுகை. பேணுதலுக்காக நாங்க அஞ்சு நிமிஷம் தள்ளித்தான் பாங்கு சொல்றது. நாளைக்குப் பாங்கு பதினொன்னு இருபத்தெட்டு, நீங்க இருபத்திமூணுக்கு நிழலைப் பிடிங்க. எதுக்கும்மா?' என்றார். விவரத்தைச் சொன்னதும் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். 'அப்ப இனிமே உங்க டிஷ்ஷுல ஒரு பலகை எழுதித் தொங்க விடுங்க தங்கச்சி, இதைப் பாத்து யாரும் விரிப்பு விரிக்காதீங்கன்னு.'

வியாழக்கிழமை விடிந்தால் வானம் முழுக்க மேகம், எர்ஜியெஸ் மலை இருக்கும் இடமே தெரியவில்லை. நான் உன் பழைய சாக்பீஸ் பெட்டியோடு பத்தரை மணிக்கே மாடியில். சித்தப்பா ஸ்பானரோடு. அப்பா மேஸ்திரியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு வந்து நின்றார், கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வீடுவரை வந்தாராம், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று. பதினொன்று பத்து. பதினொன்று பதினைந்து. மூவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பதினெட்டுக்கு ஈரத்துணிக்குப் பின்னால் விளக்கு வைத்தது போல ஒரு வெளிச்சம், சிமென்ட் தரையில் சோகையாக ஒரு நிழல். இருபத்திமூன்றுக்கு முழங்காலிட்டு நிழலின் நடுவில் கோடு இழுத்தேன். கம்பத்தைவிட ஒன்றரை மடங்கு நீளம். நிமிர்வதற்குள் மேகம் மூடிவிட்டது, கொஞ்ச நேரத்தில் பாங்கு கேட்டது. சித்தப்பா அந்தக் கோட்டைக் கம்பத்துக்கு மறுபக்கம் தெற்கே நீட்டினார், பக்கத்தில் தன் பள்ளிவாசல் கோட்டையும் போட்டார். கம்பத்தடியில் ஒன்றாக இருந்த இரண்டும் மாடியின் கைப்பிடிச் சுவருக்குப் போகும்போது ஒரு கதவு அகலம் விலகியிருந்தன. 'இவ்வளவா!' என்று தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். போல்ட்டைத் தளர்த்தி, டிஷ்ஷின் சாய்வைப் புத்தகத்தில் சொன்னபடி மறுபடி வைத்து, மோட்டாரை ஜீரோவில் நிறுத்தி, மொத்தத்தையும் என் கோட்டுக்குத் திருப்பினார். அப்பா கீழே டி.வி.க்கு ஓடினார். நாற்பத்திரண்டை அமுக்கினோம், டிஷ் கொஞ்சம் கிழக்கே போய் நின்றது, படம் வந்தது. பத்தொன்பதை அமுக்கினோம். கரகரவென்று மேற்கே போனது. 'வந்துச்சா?' என்று சித்தப்பா கத்தினார். கீழே பதில் இல்லை. நான் படியில் ஓடினேன். அப்பா டி.வி.க்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார், திரையில் ஒரு ஜெர்மன்காரி வெங்காயம் நறுக்குகிறாள். எதிர் பால்கனி அம்மாள்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே பார்த்து, 'வந்துருச்சாம்பா, இறங்கு!' என்று கத்தினார்.

ஏழு மணிக்கு வந்தாய். முதலில் உன் முதுகு, அடுப்பு, பானை. முடியைக் கழுத்துவரை வெட்டியிருக்கிறாய், சொல்லவே இல்லை. பிறகு திரும்பினாய். மீசைக்காரர் ஒருவர் ஏதோ கேட்க, நீ சிரித்தாய், மேல் பல் ஈறு தெரிய, யாருக்காகவும் சிரிக்காத சிரிப்பு. எனக்கு அது போதும், அந்தச் சிரிப்பு காய்ச்சல்காரியின் சிரிப்பு இல்லை. அப்பா எழுந்து போய்த் திரையோடு ஒட்டி நின்றுகொண்டார், நானும் சித்தப்பாவும் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தோம். பிறகு உன் கையைக் காட்டினார்கள். மாவுச் சதுரம், நடுவில் கடுகளவு கைமா, மூன்று மூலையைச் சேர்த்துக் கிள்ளினாய், நாலாவது மூலையை மேலே மடக்கிவிட்டாய். இந்த ஊரில் யாரும் அப்படிச் செய்வதில்லை இல்க்னூர், நாலு மூலையும் ஒன்றாகச் சேர வேண்டும். கடற்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் நான் மட்டும்தான் அப்படித் தப்பாக மடிக்கிறேன், இருபது வருஷமாக 'காது வச்ச மாந்தி' என்று கேலி வாங்குகிறேன். சித்தப்பா சோபாவை அறைந்தார். 'அண்ணி! உங்க காது! ஜெர்மனி முழுக்க இனிமே கைசெரி மாந்திக்குக் காது இருக்கும்!' என்றார். நீ அந்த ஒன்றைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து என்னவோ சொன்னாய், மீசைக்காரர் தலையாட்டினார். எங்களுக்கு ஒரு சொல் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து அகராதியைத் தேடினேன், கிடைக்கவில்லை.

இனி என் கேள்விகள், எல்லாவற்றுக்கும் பதில் எழுத வேண்டும். அந்த மாந்தியைத் தூக்கிப் பிடித்து என்ன சொன்னாய்? இடது ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி எதற்கு? உனக்குப் பின்னால் ஜன்னலை ஏன் திறந்து வைத்திருக்கிறீர்கள், நவம்பர் மாதத்தில்? மாந்தியின் அளவு சரி, அதைப் பற்றிக் கேட்க ஒன்றுமில்லை. அன்று 'உன் இஷ்டம்' என்றேன் அல்லவா, அந்த வார்த்தையை எடுத்துப் போட்டுவிடு, நானும் எடுத்துவிட்டேன். டிசம்பர் கடைசியில் குர்பானிப் பெருநாள். முடிந்தால் வா. பரீட்சை இருந்தால் பரீட்சையை எழுது, நான் போனை வைக்க மாட்டேன்.

இன்னும் ஒன்று. நேற்றுக் காலை துணி காயப்போட மாடிக்குப் போனேன். தெரு முழுக்க எல்லா டிஷ்ஷும் கிப்லாப் பக்கம் பார்த்து நிற்கின்றன, நம்முடையது மட்டும் மேற்கே திரும்பி நின்றது. முதல் நாள் இரவு அப்பாவின் நியூஸுக்காக நாற்பத்திரண்டில் விட்டது நானேதான், போல்ட் தளர்ந்துவிட்டதோ என்று பயந்து இறங்கி வந்தேன். சாயங்காலம் கேட்டபோது அப்பா பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, 'காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அவ ஊர் வானிலை பாத்தேன். படம் போடுறானே, அது எனக்கே புரியுது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் மழையாம். கொடை எடுத்துட்டுப் போகச் சொல்லி எழுது' என்றார். இன்று காலையும் டிஷ் மேற்கேதான் நின்றது. கடிதம் உன் கைக்கு வரும்போது அந்த மழை விட்டிருக்கும், இருந்தாலும் எடுத்துக்கொண்டு போ.

இறைவன் உன்னை மழையிலும் குளிரிலும் காப்பானாக, படிப்பைக் கண்ணில் ஒளியாகத் தருவானாக. சித்தப்பாவின் வாழ்த்துகள், அவர் கடை வாசலில் இப்போது 'மோட்டார் டிஷ் பொருத்தப்படும்' என்று எழுதி வைத்திருக்கிறார், சல்லடை விஷயத்தை வெளியில் சொல்லக் கூடாதாம்.

உன் மாந்தியைப் பார்த்த
அம்மா செர்பில்